வெள்ளம் போன வயலும் முதலாம் வகுப்பும்

கல்லடி,
மட்டக்களப்பு.
13.02.2001, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் அழகரத்தினம் போடியார் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் உங்கள் தங்கை புஸ்பமும் தேகசுகத்துடன் இருக்கிறோம். புஸ்பம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அது நோயல்ல என்பதால் சுகத்தில் சேர்த்துக்கொண்டேன். அவ்விடம் தாங்களும் மச்சாளும் நலமா, பெரும்போக நெல்லு வெட்டு எந்த மட்டில் நிற்கிறது, யானை இந்த முறை எத்தனை வேலியைப் பிரித்தது என்பதெல்லாம் அறிய ஆவல். மரியாதைக்கு எழுத வேண்டியவை இத்துடன் முடிந்தன. இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

நீங்கள், உங்கள் வயல்வட்டையை மேற்பார்க்கிற வட்டைவிதானை சீனித்தம்பியிடம் கொடுத்தனுப்பிய காகிதக் கட்டு ஞாயிறு மத்தியானம் என் கைக்கு வந்தது. உள்ளே மூன்று சாமான் இருந்தன. ஒன்று, உங்கள் மகளும் என் மருமகளுமான மங்கையற்கரசியின் வேலை விண்ணப்பப் படிவம். இரண்டு, அவளுடைய நாலு வருடப் பரீட்சைப் பெறுபேறுகளின் பிரதி. மூன்று, நீங்களும் விதானையும் சேர்ந்து சீமெந்துப் பையின் உட்தாளில் போட்ட கணக்கு. படிவத்தில் ‘பெற்ற வகுப்பும் தரப்புள்ளிச் சராசரியும்’ என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை வெறுமையாக விடுங்கள், படிவத்தை மாமா வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், செவ்வாய்க்கிழமை வந்து நானே நிரப்பி, கொழும்புக்குப் போகிற விரிவுரையாளர் ஒருவரின் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று பிள்ளை உங்களிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். நீங்கள் விட்டீர்களா? வெறும் பெட்டியைக் கண்டால், விதைக்காமல் கிடக்கிற வயலைக் கண்டதுபோல் உங்களுக்குக் கை துடிக்கிறது. நெல்லு மூடையில் பேர் எழுதுகிற எழுத்தில் ‘முதலாம் வகுப்பு, 3.71’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் அடித்திருக்கிறீர்கள். கோடு பெட்டியைத் தாண்டி அடுத்த கேள்வி வரை போயிருக்கிறது.

மச்சான், அந்த வேலை என்ன வேலை என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். கொழும்பில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உதவி ஆராய்ச்சியாளர் வேலை. விளம்பரத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலாம் வகுப்பு எடுத்தவர்கள் படிப்பு முடிந்த கையோடு விண்ணப்பிக்கலாம். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்றால் அதோடு இரண்டு வருட அனுபவமும் வேண்டும். பிழையான தகவல் தந்தவர் இனி எந்தக் காலத்திலும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. நெல்லுக்கு வருகிற நோயை ஆராய வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளையின் தலையில், தகப்பனாகிய நீங்கள் அந்தப் பெட்டியால் ஓங்கி அடித்திருக்கிறீர்கள். நான் தடுத்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். முப்பத்துநாலு வருடம் கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில், கெட்டிக்காரத்தனம் எங்கே இருந்தாலும் முதலில் அதற்குப் புள்ளி போட்டுவிடுவேன். பல்கலைக்கழகத்தில் எல்லாப் பாடமும் ஒரே கனமில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கிரெடிட் உண்டு. சிலதுக்கு மூன்று, சிலதுக்கு ஒன்று. இங்கே என் வீட்டுக்கு வந்த படித்தவர்கள் எல்லோரும் தரப்புள்ளிகளைச் சும்மா கூட்டி, பாடங்களின் எண்ணிக்கையால் பிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நான் ஒரு உதாரணம் சொன்னேன். ஒருவருக்கு மூன்று ஏக்கர் வயல் ஓரிடத்தில்; அங்கே ஏக்கருக்கு முப்பது மூடை. இன்னோரிடத்தில் ஒரு ஏக்கர். அங்கே பத்து மூடை. முப்பதையும் பத்தையும் கூட்டி இரண்டால் பிரித்து, ஏக்கருக்கு இருபது மூடை என்று சொன்னால் அவர் வீட்டில் நாய்கூடச் சிரிக்கும். நூறு மூடையை நாலு ஏக்கரால் பிரிக்க வேண்டும், இருபத்தைந்து. இந்த விஷயத்தில் நீங்களும் விதானையும், ஒருவரும் சொல்லித் தராமலே, கிரெடிட்டை ஏக்கராகவும் தரப்புள்ளியை மூடையாகவும் வைத்துச் சரியாகப் பெருக்கியிருக்கிறீர்கள். அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். இந்தக் கடிதத்தில் இனிமேல் பாராட்டு இல்லை.

ஏனென்றால் அதன்பிறகு நீங்கள் செய்த வேலையை, என் முப்பத்துநாலு வருடத்தில் மிகக் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகூடச் செய்ததில்லை. உங்கள் வட்டையில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். போகம் முடிந்து கூட்டம் கூடி, ஏக்கருக்கு என்ன விளைந்தது என்று விதானை சொல்லும்போது, வெள்ளம் போன வயலைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். மற்ற வட்டைக்காரன் கேட்டால் வெட்கம் என்பதற்காக யாரோ ஒரு காலத்தில் தொடக்கிவைத்த பழக்கம். போகட்டும், அது உங்கள் வட்டை, உங்கள் வெட்கம். அதை ஏன் மச்சான் பரீட்சைத் தாளில் கொண்டுவந்து வைத்தீர்கள்? பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மூன்று பாடம். ஒன்றுக்கு இரண்டு கிரெடிட்படி ஆறு கிரெடிட். ஒரு சி, இன்னொரு சி, ஒரு சி பிளஸ். அந்த மூன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘வெள்ளம்’ என்று எழுதி, கூட்டாமல் விட்டிருக்கிறீர்கள்! மிச்சம் நூற்றுப்பதினாலு கிரெடிட்டுக்கு நானூற்று இருபத்துமூன்று புள்ளி. பிரித்தால் 3.71. முதலாம் வகுப்புக்கு 3.70 போதும். உடனே வெற்றி! விதானை துள்ளினாராம், நீங்கள் பேனை எடுத்தீர்களாம்.

மச்சான், பொறுமையாகக் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். உங்களுக்கு எட்டு ஏக்கர். அதில் ஒரு ஏக்கரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. விதைநெல்லு அதற்கும் போட்டீர்களா இல்லையா? பசளை எறிந்தீர்களா இல்லையா? கூலியாளுக்குச் சோறு கொடுத்தீர்களா இல்லையா? பிறகு எப்படி அது இல்லாத வயலாகும்? மங்கையும் அந்த ஆங்கில வகுப்புகளில் நாலு வருடம் குந்தியிருந்தவள்தானே? கிரிக்கெட் ஆடுகிறவன் முட்டை போட்ட ஆட்டத்தையெல்லாம் விட்டுவிட்டுச் சராசரி சொன்னால், மட்டக்களப்பில் இருக்கிற அத்தனை பேரும் உலகச் சாதனையாளர்தான். ஒரு வீட்டில் பத்துப் பிள்ளைகளில் உயரம் குறைந்த மூன்று பேரை அறைக்குள் பூட்டிவிட்டு, எங்கள் வீட்டில் எல்லோரும் நெட்டை என்று சொல்வதற்கும் நீங்கள் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? நான் அந்த ஆங்கிலத்தையும் சேர்த்தேன். பன்னிரண்டு தசம் ஆறு புள்ளி கூடியது, கிரெடிட் நூற்றிருபதானது. நானூற்று முப்பத்தைந்து தசம் ஆறை நூற்றிருபதால் பிரித்தால் 3.63. மூன்று தரம் பிரித்தேன், ஒரு தரம் பின்னாலிருந்து பெருக்கியும் பார்த்தேன். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. நல்ல வகுப்புத்தான், ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஆனால் முதலாம் வகுப்பு இல்லை.

இந்த உண்மை எனக்குத் தெரியவருமுன் இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். முதல் கூத்து, உங்கள் ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கிற பாலத்துச் சோதனைச் சாவடியில். விதானை கொண்டுவந்த கட்டைப் பிரித்ததும் உங்கள் சீமெந்துத்தாள் வெளியே வந்திருக்கிறது. தாள் நிறையப் பாடக் குறியீட்டு இலக்கமும் ஆங்கில எழுத்தும். ஆமிக்காரப் பொடியன் விட்டுவிடுவானா? “இது என்ன? ரகசியமா?” என்று கேட்டிருக்கிறான். விதானை ஒரு வார்த்தையில், இது எங்கட போடியார்ர மகள்ர சோதினை றிசல்ட் என்று சொல்லியிருக்கலாம். அவர் எங்கே சொன்னார்? “ரகசியம் இல்ல சேர், வயல்” என்றிருக்கிறார். “ஏஜி 3104 எங்க இரிக்கி?” “அது நல்ல வயல் சேர். மூணு ஏக்கர். ஏ.” “சி எங்க?” “சி மூணும் வெள்ளத்துல போயிற்று சேர்.” “எந்த வெள்ளம்? எப்ப?” “இங்கிலிசு வெள்ளம் சேர். நாலு வருசமா.” இவ்வளவும் கேட்டபிறகும் அந்தப் பொடியன் அவரை வெயிலில் இரண்டு மணித்தியாலம் மட்டும் நிற்பாட்டி வைத்தான் என்றால், அவன் நல்ல பிள்ளை என்றுதான் சொல்வேன். கடைசியில் ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, தன் தங்கையும் இப்படி ஒரு தாளோடுதான் வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள் என்று சிரித்து அனுப்பிவிட்டாராம்.

அந்த இரண்டு மணித்தியாலத்துச் சூட்டையும் விதானை வீதி நெடுகத் தணித்துக்கொண்டு வந்திருக்கிறார். பாலத்தடியில் ‘போடியார்ர மகள் முதலாம் வகுப்பு’ என்றவர், ஊறணியில் ‘முதலாம் ஆள்’ ஆக்கி, என் வாசலுக்கு வரும்போது, “மாஸ்டர், இலங்கையிலேயே நம்மட புள்ளதான் முதல்!” என்று சைக்கிளை விட்டு இறங்காமலே கத்தினார். புஸ்பம் அடுப்பில் இருந்த மீன்சட்டியை அப்படியே இறக்கிவிட்டுப் பால்சோற்றுக்கு அரிசி போட்டாள். பெறுபேற்றுத் தாளை என்னிடமிருந்து பறித்து மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தவள், திடீரென்று அழத் தொடங்கினாள். “இஞ்ச பாருங்க, ஒரு டியாவது இருக்குதா? நம்மட மூத்தவன் ஓ எல்லுல நாலு டி எடுத்தவன். இவ்வளவு படிச்ச புள்ளைக்கு ஒரு டி இல்லையே!” சாதாரண தரப் பரீட்சையில் டி என்றால் அதிவிசேட சித்தி, பல்கலைக்கழகத்தில் டி என்றால் மயிரிழையில் தப்பியது, ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு மரியாதை பெறும், உதாரணமாக நான் பள்ளிக்கூடத்தில் ஒருவன், வீட்டில் ஒருவன் என்று விளக்கினேன். உதாரணம் மட்டும் அவளுக்கு உடனே விளங்கியது.

பால்சோற்று வாசத்துக்குச் சனம் வரத் தொடங்கியது. காத்தான்குடியிலிருந்து பிடவை கொண்டுவருகிற சரீப் வந்தார். முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, வெறுமனே பாஸாகிற வகுப்பில்லாச் சித்தி என்று நான் ஒவ்வொன்றாக விளக்க, அவர் சோற்றை மென்றுகொண்டே கேட்டார். முடிவில், “மாஸ்டர், நான் கோச்சியில மூணாம் வகுப்புலதான் போறன். முதலாம் வகுப்புல போறவருக்கும் கொழும்புக் கோட்டை ஸ்டேசன்தானே வருது?” என்றார். முதலாம் வகுப்புக்காரன் இடையில் எங்கும் இறங்காமல் போவான், மற்றவன் வழியில் இரண்டு வருடம் இறங்கி நின்று அனுபவம் எடுக்க வேண்டும் என்றேன். “அப்ப இது கோச்சி இல்ல, சோதனைச் சாவடி” என்றார். பத்துப் பேருக்குள் ஒருவருக்காவது விளங்கியதே என்று எனக்கு ஆறுதல்.

இதற்கிடையில் வாசிகசாலைப் பொடியன்கள் தங்கள் கரும்பலகையில் ‘எமது மண்ணின் முதலாம் வகுப்பு மங்கை வாழ்க’ என்று மூன்று நிறச் சோக்கில் எழுதிவிட்டான்கள். பின்னேரம் நான், மங்கை இங்கே விட்டுப்போயிருந்த கம்பஸ் கையேட்டை எடுத்து மேசையில் வைத்து, அதில் போட்டிருக்கிறபடி ஒவ்வொரு பாடமாகக் கூட்டிப் பார்த்து 3.63 என்று கண்டுபிடித்த உடனே, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அந்தப் பலகையைத் துடைத்தேன். துடைத்தது மட்டுமில்லை, பிழை எங்கே என்று அதே பலகையில் கணக்கையும் போட்டுக் காட்டினேன். முப்பது பேர் நின்று பார்த்தார்கள். நூற்றிருபதால் பிரித்து முடித்துத் திரும்பினால், பின்னாலிருந்து ஒரு குரல்: “மாஸ்டருக்கு எரியுது கா. அவர்ர மகனுக்கு வகுப்பில்லாச் சித்தி எலுவா.” ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கை அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னாள். “சொந்த மருமகள்ர பேர உங்கட கையாலயே அழிச்சிற்று வந்திரிக்கீங்க. அந்தக் கை விளங்குமா?” அதற்குப் பிறகுதான் பேச்சில்லாமல் போனது. என் மகனுக்கு வகுப்புக் கிடைக்காதது உண்மை. அவனுடைய சராசரியையும் நான்தான் கூட்டினேன்; அவனுக்கும் ஒரு தசமும் கூட்டிப் போடவில்லை. இதை அந்தக் கூட்டத்தில் யாருக்குச் சொல்வது?

ஆகவே நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் வரை காத்திருந்தால் பிள்ளை வந்து இந்தப் பெட்டியைப் பார்ப்பாள், தகப்பன் எழுதியதை அடிக்க மனம் வராமல் தவிப்பாள். அந்தத் தர்மசங்கடம் அவளுக்கு ஏன்? விரிவுரையாளர் போகும்போது பாதை திறந்திருக்குமோ, யார் கண்டது? நேற்றுத் திங்கட்கிழமை காலை உங்கள் ‘முதலாம் வகுப்பு, 3.71’ஐ ஒரே கோட்டில் அடித்தேன். அருகில் சிவப்பு மையில் ‘இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.63’ என்று எழுதி, திருத்தியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்று குறிப்பிட்டு, ஒப்பமும் வைத்தேன். தபால் கந்தோர் திறக்குமுன்பே போய் வாசலில் நின்று, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். இந்த முறை வேலை கிடைக்காது. அது எனக்குத் தெரியும், நோகத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு வருடம் எங்காவது வேலை செய்து அனுபவத்தோடு போனால், தலை குனியாமல் போவாள். உங்கள் பெட்டியோடு போயிருந்தால், பொய்க்காரி என்ற பேரோடு வந்தாறுமூலைக்கே திரும்பியிருப்பாள். நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். இனிமேல் பேனை என்பது கூலிக் கணக்குக் கொப்பிக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இன்னுமொன்று. வெட்டு முடிந்த கையோடு வட்டை முழுவதையும் கூப்பிட்டு ஆடறுத்துச் சோறு போடப்போவதாகவும், ஓட்டமாவடியிலிருந்து ஒலிபெருக்கிக்காரனைக் கூப்பிட்டிருப்பதாகவும் விதானை சொன்னார். அந்த ஒலிபெருக்கியை நிற்பாட்டுங்கள். சோற்றை வேண்டுமானால் போடுங்கள். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கும் பசிக்கும். விதானை உழவு இயந்திரத்துக்குப் பெல்ட் வாங்க இரண்டு நாள் இங்கே நின்றவர், இப்போது என் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார். அவருக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம். வாசித்தாலும் ‘சி மூணும் வெள்ளம்’ என்றுதான் மறுபடியும் சொல்வார். வெள்ளமும் வறட்சியும் பார்த்த மனிதர், மூன்று சி பார்த்ததில்லை.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. கதிர் நிறையட்டும், நெல்லுப் பட்டறை உயரட்டும், யானை வேறு பக்கம் திரும்பட்டும். உங்கள் வீட்டில் எப்போதும் சோறு பொங்கவும், இனியொருபோதும் சராசரி பொங்காமலும் இருக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கணக்கில் கண்டிப்பும் மனதில் பாசமும் மாறாத,
உங்கள் மச்சான்,
க. நல்லரத்தினம்.

பின்குறிப்பு: மங்கை இப்போதுதான் வந்தாள். நான் மேலே ஒப்பம் வைத்து மை காயவில்லை. “மாமா, படிவம் எங்க?” என்று கேட்டாள். அனுப்பியாச்சு மகள் என்றேன். இந்தக் கடிதத்தை எடுத்து நின்றபடியே வாசித்தாள். பாலத்தடிக் கதை முடியும்வரை சிரித்தாள். கரும்பலகைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. சிவப்பு மைக்கு வந்தபோது கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கையேட்டை எடுத்து, நான் கணக்குப் பார்த்த அதே பக்கத்தைத் திறந்து, ஆங்கிலப் பாடங்களுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். அங்கே ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. இலையான் மொய்த்து விட்ட கறை என்று நினைத்து, நகத்தால் சுரண்டியும் பார்த்திருக்கிறேன். “இது என்னெண்டு கீழ போட்டிரிக்கு, வாசியுங்க மாமா” என்றாள். ஆங்கிலத்தில் சித்தி மட்டும் பெற்றால் போதும், அதன் புள்ளி சராசரியில் சேராது என்று போட்டிருக்கிறது.

அதாவது மச்சான், வெள்ளம் போன வயலை விட்டுவிட வேண்டும். 3.71. முதலாம் வகுப்பு. உங்கள் காரணம் இப்போதும் பிழை, அதை நான் விட்டுத்தர மாட்டேன். ஆனால் விடை சரி. எனக்குக் காரணம் சரி, விடை பிழை. இப்படி ஒரு தாள் என் கைக்கு வந்திருந்தால் யாருக்கு எத்தனை புள்ளி போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. “அப்பா ஒண்டும் தெரியாம சரியா எழுதினவர். நீங்க எல்லாம் தெரிஞ்சு அத வெட்டினீங்க” என்றாள் உங்கள் மகள். குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருக்கலாம். புஸ்பம் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். இரண்டு நாளைக்குப் பிறகு என்னோடு பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

தபால் கந்தோருக்கு ஓடினேன். பை நேற்றே போய்விட்டது. புதுப் படிவம் ஒன்று மங்கையிடம் இருக்கிறது. ஆனால் இப்போது அதை விரிவுரையாளர் கையில் கொடுத்தனுப்பினால் போதாது. ஒரே பிள்ளையின் பேரில் இரண்டு படிவம், இரண்டு வகுப்பு; எது பொய் என்று அவர்கள் யோசிக்கத் தொடங்கினால் இரண்டையும் குப்பையில் போடுவார்கள். நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வியாழன் காலை பஸ்ஸில் அவளும் நானும் போகிறோம். வெள்ளிக்கிழமை அந்த நிலையத்தில், திருத்தியது பிழை, திருத்தியவன் நான்தான் என்று எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை பேரிடமும் சொல்லப் போகிறேன். ஆனால் அவளுடைய பதிவு உங்கள் ஊரில். உங்கள் கிராம சேவகரின் கடிதம் இல்லாமல் கொழும்பில் ஓரிரவு தங்க ஒருவரும் இடம் தரமாட்டார்கள்.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதியிருப்பேன். பிழையை அழிக்காதே, ஒரு கோடு அடித்து அருகில் சரியை எழுது என்று முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன், இன்றைக்கு மட்டும் எப்படிக் கிழிப்பது? ஆகையால் மேலே உள்ள அத்தனையையும் கோடு அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இதை விதானைக்கும் வாசித்துக் காட்டலாம். நாளை புதன்கிழமை, வெட்டை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, கிராம சேவகரின் கடிதத்தோடு நீங்களே புறப்படுங்கள். பாலத்துச் சாவடி பின்னேரம் மூன்று மணிக்குப் பூட்டுப்படும். நீங்கள் மூன்று மணிக்கு வந்தால் மங்கை முதலாம் வகுப்பு. மூன்று ஐந்துக்கு வந்தால், என் புண்ணியத்தில், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. சுறுக்கா வாங்க மச்சான்.